ஈய எழுத்தில் நான்கு வரி

மூன்று மணி நேரத்தில் நான்கு வரி.
மோல்மீனில் அன்றிரவு மின்சாரம் இல்லை.
என் அச்சுக்கூடத்தில் இரண்டு மெழுகுவத்தி,
அவித்த கடலை, ஆறிப்போன தேநீர்.

காகிதக் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள்:
பிக்கு ஊ பஞ்ஞாசீரி,
பள்ளிவாசல் டிரஸ்டி சதக்கத்துல்லா,
செவ்வாய்க்கிழமைதான் அவர் கடைக் கண்ணாடி போனது,
கோவில் கணக்கு ஆவுடையப்பன்,
கரேன் சர்ச் போதகர் சோ லெர் மூ,
மீன் சந்தைச் சங்கத்து டோ கின் வே.
இருபது வருடமாய் ஒருவரை ஒருவர் தெரியும்.
இருபது வருடமாய் ஒருவர் சொல்லி முடிக்க
மற்றவர் விட்டதில்லை.

விதி போட்டது மீன்காரம்மா:
"பதில் சொல்லுமுன்
அவர் சொன்னதை அவரே தலையாட்டும்படி
திருப்பிச் சொல்லுங்கள்.
எடையைக் காட்டாமல்
நான் காசு வாங்குவதில்லை."

சதக்கத்துல்லா சொன்னார்:
"என் கடையில் வாங்காதே என்று நோட்டீஸ் வந்த வாரம்
உங்களில் ஒருவரும் வந்து
ஒரு சோப்புகூட வாங்கவில்லை."

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார்.
"நாங்கள் பயந்துவிட்டோம் என்கிறீர்கள்."
தலை ஆடவில்லை.
"உங்களை மறந்துவிட்டோம் என்கிறீர்கள்."
ஆடவில்லை.
மெழுகு ஒரு விரல் இறங்கிய பிறகு,
"சோப்பு வாங்க வரவில்லை என்கிறீர்கள்."
ஆடியது.

இப்படித்தான் போனது இரவு.
பர்மியப் படி பத்து மணிக்கு முடிந்தது.
ஊரில் யார் கடையிலும் யாரும் வாங்கலாம்,
வதந்தியோடு வருகிறவரிடம் யார் சொன்னது என்று கேட்போம்,
கோபத்தோடு வருகிறவருக்கு நாற்காலி போடுவோம்,
கல்லோடு வருகிறவர் முன் ஐந்து பேரும் நிற்போம்.

தமிழ்ப் படி என் வேலை.
பர்மியில் இல்லாத தொல்லை தமிழில்:
நாமா, நாங்களா?

"நாங்கள்" என்றார் சதக்கத்துல்லா.
"கல்லெறிந்தவனை என் வாக்கியத்துக்குள்
உட்காரவைக்காதே."
"நாம்" என்றார் ஆவுடையப்பன்.
"படிக்கிறவனை வாசலில் நிறுத்திவிட்டு
யாரோடு பேசப் போகிறோம்?"
பிக்கு விளக்கம் கேட்டார், சொன்னேன்.
"ஒளிந்துகொள்ள இடம் தராத மொழி" என்று சிரித்தார்.

ஈயப் பெட்டியைத் துழாவினேன்.
'ங்' தட்டுப்பாடு என்று சொல்லியிருக்கலாம்.
நிறைய இருந்தது.

அப்போதுதான் டோ கின் வே
பர்மியப் படியை வெளிச்சத்தில் பிடித்தார்.
"இந்த எழுத்தின் வட்டம்
வலப்பக்கம் உடைந்திருக்கிறது."
இடுப்பு மடிப்பிலிருந்து, மீன் வாடையோடு,
போன வார நோட்டீசை எடுத்து விரித்தார்,
வாங்காதே, பேசாதே, விரட்டு.
அதிலும் வலப்பக்கம்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை.
அல்லது நான் யாரையும் பார்க்கவில்லை.
முழுப் பணமும் முன்பணம்.
பெயர் கேட்கவில்லை நான்.
எழுத்துப் பிழைகூடத் திருத்திக் கொடுத்தேன்.

போதகர் மெழுகைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.
சதக்கத்துல்லா எழுந்தார், போய்விடுவார் என்று நினைத்தேன்.
"நாம் என்றே போடு" என்றார்.
"இவனையும் சேர்த்துத்தானே ஆகணும்."
என்ன குரலில் சொன்னார் என்று
இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

விடிகாலையில் ஒட்டினோம்.
மதியத்துக்குள் பாதி கிழிந்திருந்தது.
சாயங்காலம் அதே வாடிக்கையாளர்,
அதே மோட்டார் சைக்கிள்,
இன்னும் தடித்த பணக்கட்டு.
"மெஷின் பழுது" என்றேன்.
முடியாது என்று சொல்ல
வாய் இன்னும் பழகவில்லை.

கதவைச் சாத்திவிட்டு
கண்ணாடிக்குப் பதில் அட்டை ஒட்டிய கடைக்குப் போனேன்.
ஒரு சோப்பு கேட்டேன்.
எடுத்துக் கொடுத்தார்.
ஆயிரம் கியாட் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"மீதிக்குச் சில்லறை இல்லை.
நாளைக்கு வந்து வாங்கிக்கொள்."