நேர வித்தியாசம் இல்லை

ஐந்தரைக்கு அலாரம்.
படுத்தபடியே மட்டக்களப்புக்கு எடுக்கலாம்,
அங்கேயும் ஐந்தரை.
வெளிநாட்டில் படிக்கிறாள் என்று
அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறா.
லண்டன் மச்சாளுக்கு இப்போது நடுச்சாமம்,
அது வெளிநாடு.
நான் வந்திறங்கிய அன்று
கைக்கடிகாரத்தைக்கூடத் திருக வேண்டியிருக்கவில்லை.

குறுக்குத்துறையில் ஆறு கணுக்காலுக்குக் குளிர்கிறது.
பதினான்காம் குப்பியை மூன்று தரம் அலசி
நாலாம் தரம் நிரப்புகிறேன்.
தலை முழுக்க நுரையோடு ஒருவர்:
"தண்ணிய எங்கம்மா கொண்டு போறிய?"
சோதிக்க, என்றேன்.
"சோதிச்சுட்டு சொல்லுங்க, குளிக்கலாமா கூடாதான்னு."
பதிலுக்கு நிற்கவில்லை, முங்கிவிட்டார்.

அபிஷேகப்பட்டி பஸ்ஸில்
பெண்களுக்குக் கட்டணமில்லாச் சீட்டு.
எந்த நாட்டுப் பெண் என்று கண்டக்டர் கேட்பதில்லை.
விசா நீட்டிக்க
வெள்ளைப் பின்னணியில் நாலு படம், ஏழு நகல்,
விடுதிக் காப்பாளர் கையெழுத்து;
அவர் மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு
"உள்ள போங்க, உள்ள போங்க" என்கிறார்.

ஆய்வுகூடத்தில் நான் 'அளவி' என்றால்
எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.
ப்யூரெட்டாம்.
'குழாயி' என்றதற்கு
உதவியாளர் செல்லையா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார்.
தமிழில் படித்ததைத்
தமிழ்நாட்டில் மொழிபெயர்க்கிறேன்.

டிலக்சன் மட்டும் சிரிக்கமாட்டான்.
வருகைப் பதிவேட்டில் எழுத்துப் பிழையோடு டிலக்சன்,
வகுப்புக்கு டில்லி.
கங்கைகொண்டான் பக்கம் முகாமில் பிறந்தவன்.
"ஏல", "வாரியாடே" எல்லாம் எங்களில்
அவனுக்குத்தான் சுத்தமாக வரும்.
வீட்டிலிருந்து போன் வந்தால் மூலைக்குப் போய்
"ஓம் அம்மா, கதைக்கிறன்" என்பான்.
அந்த மூலைக்கு நான் காது கொடுப்பதில்லை.
கொடுக்காமல் இருப்பது கஷ்டம்.

மெஸ்ஸில் இன்று சொதி.
கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற சாப்பாடு,
யாரோ பேராசிரியர் வீட்டு விசேஷம் என்று
எல்லோரும் இரண்டாம் தரம் வாங்குகிறார்கள்.
எங்கள் வீட்டில் இது சும்மா ஒரு வியாழக்கிழமை.
சொல்லவில்லை. நானும் இரண்டாம் தரம் வாங்கினேன்.

மூன்று மணிக்கு டீக்கடை.
"சிலோனா? எந்த கேம்ப்பு?"
கேம்ப் இல்லை அண்ணாச்சி, பாஸ்போர்ட்டில் வந்தேன்.
"அப்ப ஃபாரின்!"
கண்ணாடி டம்ளரை இன்னொரு தரம் கழுவுகிறார்.
"தம்பி நம்மூருதான?" என்று அவனைக் கேட்கிறார்.
ஆமா அண்ணாச்சி, என்றான்,
ஒரு நொடிகூட யோசிக்காமல்.
அந்த நொடியை நான்தான் யோசித்தேன்.

பிறகு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டோம்.
திராட்சை நிறம் நீலமாக
ஒரே ஒரு துளி போதும்,
அது எந்தத் துளி என்று
கடந்த பிறகுதான் தெரியும்.
எனக்கு ஒரு அளவு, அவனுக்கு ஒரு அளவு.
திரும்பச் செய்ய நேரமில்லை.
முகாமில் இன்று தலை எண்ணுகிற நாள்,
ஆறுக்குள் நிற்க வேண்டும் அவன்.

பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே கேட்டான்:
"டிசம்பர்ல போறியா?"
ஓம்.
"அங்க மன்னார்ல, பஸ் ஸ்டாண்டுல இருந்து
பேசாலைக்கு டிக்கெட் எவ்வளவு?"

மன்னாருக்கு நான் போனதேயில்லை.
அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.
தெரியாது, கேட்டுச் சொல்றன், என்றேன்.
"சும்மாதான் கேட்டேன்" என்று
தென்காசிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டான்.
அவனுக்குக் கட்டணம் உண்டு.

இரவு ஒன்பது. அங்கேயும் ஒன்பது.
சாப்பிட்டியா என்கிறா அம்மா.
சாப்பிட்டேன். அம்மா,
மன்னாரில் நமக்கு யாரையாவது தெரியுமா?
ஏன் மகள் என்கிறா.
ஐஸ் பெட்டியில் பதினான்காம் குப்பி
முக்கால்வாசி இருக்கிறது,
நாளைக்குத் திரும்பச் செய்ய.