செல்லாத மதிப்பு

நீல்லாஸ் அனுப்பிய எண்ணால்
நேற்று மூன்று முறை செத்துப் பிழைத்தது நிலையம்.
மலையுச்சியில் ரேடார், அதற்குள் கடிகார அட்டை,
அட்டைக்கு நான் எழுதிய டிரைவர்.
பழி அதே வரிசையில் படியிறங்கி வந்து
என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

சுற்றுக்காலம்: பூஜ்ஜியம்.
தூக்கக் கலக்கத்தில் தட்டியிருப்பான்.
நானோ ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி
அதைக்கொண்டே வகுத்தேன்.
கெர்னலுக்குள் அப்படி விழுந்தால்
தூக்கிவிட ஆள் கிடையாது.

ஆகவே இன்றிரவு வாசலில் காவல் போடுகிறேன்.
நானோநொடி நூறு கோடியைத் தொட்டால்
அது அடுத்த நொடி. உள்ளே விடாதே.
கழித்தல் குறி மாட்டிக்கொண்டு வரும் காலம், விடாதே.
பின்னாளுக்கென்று காலியாக வைத்த கட்டத்தில்
எவனாவது எதையாவது போட்டிருந்தால், அதையும்.
பெரிய எண்ணைப் பெருக்கினால்
அறுபத்து நான்கு பிட்டும் தளும்பி வழிந்து
சாதுவாய்ச் சின்ன எண் முகத்தோடு வந்து நிற்கும்;
பெருக்கும் முன்பே பிடி.

அட்டைக்கு எட்டு நானோநொடி ஓர் எட்டு.
பன்னிரண்டு கேட்பவனுக்குப்
பதினாறைக் கொடுத்துப் பேசாமல் இருந்துவிடலாம்.
உபகாரம் போலத் தெரியும்.
பொய்.
முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்.

துடிப்பின் அகலம் சுற்றைவிடக் குறைவாய் இருக்கவேண்டும்:
ஏறியது இறங்காவிட்டால் அது துடிப்பில்லை.
எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.
இரவு மணி இரண்டு.
டெனோ ஆற்றின்மேல் மஞ்சள் வெயில்.
மே மாதம் ஏறிய சூரியன்
இன்னும் இறங்கவில்லை.
சுற்று இருபத்துநான்கு மணி,
அகலமும் இருபத்துநான்கு மணி.
என் விதிப்படி உட்ஸ்யோகியின் ஜூன் மாதத்தைப்
பிழை எண் இருபத்திரண்டு போட்டுத்
திருப்பி அனுப்பவேண்டும்.

ஜூனில் இங்கே யார் தூங்குகிறார்கள்,
நீல்லாஸைக் கூப்பிட்டேன்.
"பூஜ்ஜியமா? தெரிந்துதான் போட்டேன்.
நிறுத்து என்று அர்த்தம்.
ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி அடித்துப் படுத்தேன்,
உன் அட்டையின் பச்சை விளக்கு
நொடிக்கொரு தரம் கண்ணடிக்கிறது.
எத்தனை இரவு பொறுப்பது?"

காவலாளிகள் எல்லோருக்கும் முன்னால்
ஒரு வரியைச் சொருகினேன்:
சுற்று பூஜ்ஜியமானால், நிறுத்து.
அதற்கப்புறம் சோதனையெல்லாம்.
ஏற்றிவிட்டு மறுபடி கூப்பிட்டேன்,
நின்றதா என்று கேட்க.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.
எடுக்கவில்லை.