முப்பத்திரண்டாவது வரிசை

மோன்தேவிதேயோ, ஒன்பதாம் மாடி.
ஜூலைக் குளிர்.
ஜன்னலுக்கு வெளியே
கடலென்று பெயர் வாங்க முடியாத பழுப்பு ஆறு.

என் வேலை கோடு போடுவது.
நூற்றுப் பதினேழு விண்ணப்பங்களை
மதிப்பெண்படி அடுக்கிப்
பணம் தீருமிடத்தில்
அட்டவணைக் கட்டமொன்றின் அடிவிளிம்பைத்
தடிமனாக்குவேன்.
இரண்டு சொடுக்கு.
அவ்வளவுதான் அரசு.

மொத்தப் பணமே யானைப் பசிக்குச் சோளப்பொரி.
பொரியைத்தான்
எண்ணி எண்ணிப் பங்கிடுகிறோம்.

இந்த ஆண்டு
கோடு முப்பத்தொன்றின் கீழே விழுந்தது.

31. ஏற்றுமதி மாட்டிறைச்சி
கப்பலில் இன்னும் எட்டு நாள் சிவப்பாயிருக்க வழி: 84.20
32. ரோச்சா மாகாணத்துச் சதுப்பொன்றில்
இரவு நேரத் தவளைகள்: 84.16

விண்ணப்பித்தவர் வில்மர் சில்வெய்ரா.
கேட்டது ஒரு படகு மோட்டார்,
மாணவி ஒருத்திக்கு நான்காண்டுச் சம்பளம்,
கணக்கில் வராத அளவு பேட்டரிகள்.

படிவத்தில் ஒன்பதாம் கேள்வி:
எதிர்பார்க்கும் முடிவுகள், காலாண்டு வாரியாக.
எல்லோருக்கும் அதை நிரப்பத் தெரியும்.
பிறக்காத பிள்ளைக்குப்
பள்ளி மதிப்பெண் எழுதுவதுபோல
பதினாறு காலாண்டும் நிரப்பி அனுப்புவார்கள்.
அவர் எழுதியிருந்தார்:
'தெரியாது.
தெரிந்திருந்தால் உங்களிடம் வந்திருக்க மாட்டேன்.'

குழு சிரித்தது. நல்ல சிரிப்புதான்.
பேராசிரியர் எட்செபெரி
கண்ணைத் துடைத்துக்கொண்டே பத்துக்கு ஆறு போட்டார்.

நிதியமைச்சகத்துப் பையன் கேட்டான்:
'தவளையால் நாட்டுக்கு என்ன?'
கேள்வியில் தப்பில்லை.
அன்று காலைதான் பொது மருத்துவமனை
அவன் அம்மாவின் ஸ்கேனுக்கு
ஐந்து வாரம் கழித்துத் தேதி கொடுத்திருந்தது.
லிஃப்டில் சொன்னான்,
பொத்தான்களைப் பார்த்தபடி.

நான் அந்தப் புள்ளி பூஜ்யம் நான்கைத் தேடிப்போனேன்.
மூன்றாம் மதிப்பீட்டாளர்,
'தேசிய முன்னுரிமையோடு பொருத்தம்' என்ற கட்டம்,
எட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஏழு.
நேரம்: பிற்பகல் இரண்டு பத்து.
சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்.

முன்னுரிமைப் பட்டியல் என் சுவரில் இருக்கிறது.
போன ஆட்சியில் முதலில் கடல்.
அதற்கு முந்தியதில் பால்.
இப்போது மரக்கூழ், மென்பொருள்,
பிறகு 'புதுமை' என்று தனியாக ஒன்று.
ஆணி மட்டும் பழையது.

ஆகஸ்டில் சில்வெய்ரா போன் செய்தார்.
மேல்முறையீடு என்று நினைத்து
விதி எண்ணைத் தயாராக வைத்திருந்தேன்.
அவர் கேட்டது வேறு:
'பழைய நிதியில் வாங்கிய ஒலிவாங்கிகள் இரண்டு,
திருப்பித் தரவேண்டுமா?'

தரவேண்டும். அறுபது நாளுக்குள்.
கீழ்த்தளத்தில் ஓர் அறையே இருக்கிறது,
திரும்பி வந்தவற்றுக்கு:
லென்ஸ் இல்லாத நுண்ணோக்கி,
மழைமானிகள், அதற்குள் சிலந்தி,
யாரோ 'தொடாதே' என்று எழுதி ஒட்டிய குளிர்பெட்டி.

'அதற்கான படிவம் இன்னும் தயாராகவில்லை' என்றேன்.

சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.
மாட்டே உறிஞ்சும் சத்தம் மட்டும்.
'சரி, காத்திருக்கிறேன்' என்றார்.

அறுபது நாளுக்கொருமுறை கேட்கிறார்.
அறுபது நாளுக்கொருமுறை
படிவம் தயாராகவில்லை.
இடையில் மாதமொரு ஒலிக்கோப்பு வருகிறது,
தலைப்பில்லாமல்,
மாணவி இல்லாமல், மோட்டார் இல்லாமல்,
துடுப்புச் சத்தத்தோடு.

மே மாதத்துக் கோப்பில்
ஏழாம் நிமிடம்
தவளைகள் எல்லாம் ஒரே நொடியில் நிறுத்துகின்றன.
பதினான்கு வினாடி எதுவுமில்லை.
பிறகு ஒன்று தொடங்குகிறது,
முன்பு கேட்ட குரல்கள் எதையும் போலில்லாமல்.
என்னவென்று கேட்டு எழுதினேன்.
ஒரே சொல் பதில். ஒன்பதாம் கேள்விக்கு எழுதிய அதே சொல்.

மறுபடி ஜூலை.
மேசையில் நூற்று முப்பது.
காதில் அந்தப் பதினான்கு வினாடி ஓட,
சுட்டியைக் கோட்டின் மேல் வைத்திருக்கிறேன்.
நிதியமைச்சகத்துப் பையன் எட்டிப் பார்த்து
'முடிஞ்சுதா?' என்கிறான்.
ஒரு காதை அவனிடம் கொடுக்கிறேன்.