கைமாத்து

புதுவயலில் ஓடாமல் கிடக்கும் ஒரு ரைஸ்மில்.
நெல் காயப்போடும் தளத்துக்குப் பின்னால்
தகரக் கொட்டகையில் நிற்கிறது வேன்.
தொண்ணூற்றெட்டாம் வருசத்து ஸ்வராஜ் மஸ்தா.
உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, கைகழுவத் தொட்டி,
ஜன்னலில் பூப்போட்ட திரை.
கூரையில் பக்கத்து மில்லின் உமித்தூசு
இரண்டு வருசத்துக்கு.

உண்ணாமலை சாவியைத் திருப்பினார்.
டிக் என்றுகூடக் கேட்கவில்லை.
"நாலு மணிக்கு வாங்க வர்றாங்க, சகாயம்."
அப்போது மணி பதினொன்று.

இதில் பேட்டரி இரண்டு.
டிரைவர் சீட்டுக்குக் கீழே இருப்பது இஞ்சினுக்கு.
அதற்கு வேலை மூன்று விநாடி.
இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் அள்ளிக் கொடுத்துவிட்டு
உட்கார்ந்துகொள்ளும்.
கட்டிலுக்கு அடியில் இருப்பது வீட்டுக்கு.
விசிறி, விளக்கு, தண்ணீர் மோட்டார்,
விடிய விடியக் கிள்ளிக் கிள்ளிக் கொடுக்கும்.
இங்கே பெரிய வீடுகளில்
மகனுக்குக் கல்யாணமானால் வேறு வைப்பார்களே,
அரிசி தனி, அடுப்பு தனி, நிலைவாசல் மட்டும் ஒன்று,
அந்த ஏற்பாடுதான்.
நடுவில் ஒரு ரிலே.
வண்டி ஓடினால் சேர்க்கும், நின்றால் பிரிக்கும்.
ராத்திரி வீட்டு விளக்கெல்லாம் எரிந்து தீர்ந்தாலும்
காலையில் இஞ்சின் கிளம்பும்.

மீட்டரை வைத்தேன்.
முன்னால் மூன்று புள்ளி ஒன்று.
பின்னால் மூன்று புள்ளி ஒன்று.
எனக்கு அது பிடிக்கவில்லை.
தனித்தனியாகச் செத்தவை
ஒரே எண்ணில் கிடக்காது.

ரிலேயில் பழுதில்லை. அதைச் சுற்றிக்கொண்டு
பின்பக்கமாக ஒரு சிவப்பு வயர்,
விரல் தடிமன், இரண்டு முனையிலும் முதலை கிளிப்,
மேலே அவசரமாகச் சுற்றிய டேப்.
"யார் மாட்டினது?"
அவர் கொஞ்ச நேரம் வயரையே பார்த்தார்.
"ஆகும்பே மலையில நல்ல மழை.
முன் பேட்டரி படுத்திருச்சு.
லேனா பின்னாடியிருந்து கைமாத்து வாங்கிக் கிளப்புனாரு.
ஊருக்கு வந்து கழட்டிக்கலாம்னு சொன்னாரு."
லேனா இப்போது ஓசூரில்.
நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

வயர் இரண்டையும் ஒன்றாக்கியது, சரி.
குடித்தது யார்?
இரண்டையும் கழற்றிவைத்துவிட்டு
என் பைக் பேட்டரியைப் பின்பக்கம் கொடுத்து
பியூஸ் பியூஸாக உருவினேன்.
ஐந்தாவதில் முள் விழுந்தது.
திரும்பச் சொருகினேன்.
துணி அலமாரியின் கதவிடுக்கில்
நூலளவு மஞ்சள் கோடு.

திறந்தோம். பாச்சை உருண்டை வாசனை.
கதவில் மாட்டிய ஒரு சட்டைக்கை
சுவிட்சை அழுந்த விடவில்லை.
வானநீலம், ஒரு பித்தான் குறைவு.
ஐந்து வாட் பல்பு. மனக்கணக்குப் போட்டேன்.
இரண்டு பேட்டரியும் சேர்ந்து ஊட்டியிருந்தால்
பதினெட்டு நாள் எரிந்திருக்கும்,
பூட்டிய மில்லுக்குள் பூட்டிய வேனுக்குள்
சாத்திய அலமாரிக்குள்
ஒரு சட்டைக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு.

முன் பேட்டரி வயிறு வீங்கிவிட்டது, எடைக்குத்தான்.
பின்னது டியூபுலர், ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தது.
மூன்று நாள் மெதுவாக ஏற்றினால்
எழுந்தாலும் எழும். சத்தியம் செய்ய மாட்டேன்.
முன்னால் புதுசு வைத்தேன்.
இரண்டே காலுக்கு இஞ்சின் இருமியது,
வெள்ளைப் புகை, அப்புறம் நின்று ஓடியது.

சிவப்பு வயரைச் சுருட்டி என் பையில் போடப் போனேன்.
கை நீட்டி வாங்கிக்கொண்டார்.
சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.
அலமாரியைச் சாத்திவிட்டுக் கேட்டார்:
"சாத்துனப்புறம் அணைஞ்சிருச்சான்னு
எப்படித் தெரியும்?"

போனை வீடியோவில் போட்டு உள்ளே வைக்கச் சொன்னேன்.
வைத்தார். சாத்தினார். எண்ணினோம். எடுத்தார்.

முதலில் அவர் கை, பல்பு, கதவு வருகிறது.
பிறகு கறுப்பு.
கறுப்புக்கு வெளியே, ரொம்ப தூரத்தில் போல,
இஞ்சின் ஓடும் சத்தம்,
அவர் குரல்:
"அணைஞ்சிருச்சா?"