தொண்ணூறு மில்லி

மூன்றாவது பாட்டில் தண்ணீர்.
இன்னும் வரவில்லை.

கண்டீரவா ஸ்டேடியத்துப் படிகளுக்கு அடியில்
பெயிண்ட் வாடை போகாத அறை.
எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் திப்பேசாமி.
என் நிழலை விட்டாலும் விடுவார்,
என்னை விடக் கூடாது. வேலை அப்படி.
கோட்டைத் தாண்டியதிலிருந்து கூடவே இருக்கிறார்.
"நிதானா, நிதானா" என்கிறார்.

ஜெயித்தவனுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.
ஐந்தாவதாக வந்தவனுக்கும் சீட்டு விழுமாம்.
என் வாழ்க்கையில் எனக்கு விழுந்த முதல் குலுக்கல்.

எண்ணூறு மீட்டர், இரண்டு சுற்று.
முதல் சுற்றைக் கால் ஓடும்.
இரண்டாவதை உள்ளே இருக்கும் கடிகாரம் ஓடும்.
அது எனக்குப் பிறவியிலேயே சரி.
வாட்சைப் பார்க்காமல் சொல்வேன்,
ஐம்பத்தாறு புள்ளி மூன்று என்று;
ஃபிலோமினா மேடம் தன் வாட்சைத் தட்டிப் பார்ப்பார்,
கெட்டுப்போனது அதுதானோ என்று.

பிறகு தொடை கல்லாகிப்போன ஒரு மே மாதம்,
தூக்கமில்லாத இரண்டு வாரம்,
ஸ்ரீராமபுரத்தில் இன்பராஜ் வீட்டு மொட்டை மாடி.
"இலைதானேடா. வலிக்கு நல்லது."
அவன் பொய் சொல்லவில்லை. வலி போனது.
மெட்ரோ ஒன்று போனது,
ஜன்னல் ஜன்னலாக, முகம் முகமாக,
ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது.
அன்று தூங்கினேன்.
மறுநாளும் மாடியேறினேன். மூன்றாம் நாள்
தூக்கத்தைக் காரணம் சொல்லவும் மறந்துவிட்டது.

ஒரு விடியலில் புகை இறங்காமலே
மைதானத்துக்கு வந்தேன்.
ஓடினேன் பாருங்கள்,
கப்பன் பார்க்கின் தூங்குமூஞ்சி மரங்களெல்லாம்
எழுந்து நின்று வழிவிட்டன.
கால் தரையில் படவில்லை.
விழுந்து கிடந்தபடியே சொன்னேன்:
"ஒன்று ஐம்பது, மேடம். அதற்கும் கீழே இருக்கும்."

மேடம் வாட்சைத் தட்டவில்லை.
என் மூக்குக்கு நேரே நீட்டினார்.
இரண்டு நிமிஷம் ஒன்பது நொடி.

நின்ற பிறகும் நெஞ்சு ஓடிக்கொண்டிருந்தது,
ஆள் இறங்கிப்போன ஆட்டோவின் மீட்டர் மாதிரி.
அவர் எதுவும் கேட்கவில்லை. கண்ணைப் பார்த்தார்.
பையை எடுத்துக்கொண்டு
ரிலே ஓடும் பெண்கள் பக்கம் போய்விட்டார்.

அன்றோடு சரி. இன்றைக்குப் பதினேழு நாள்.

ஆனாலும் இன்று, கடைசி வளைவில்,
இப்போது உதை என்று சொல்ல வேண்டிய குரல்
ஒரு மூச்சு தள்ளித்தான் சொன்னது.
புகையா, பயமா, தொடையா,
தெரியாது.
நான்கு முதுகுகள் தெரிந்தன.

பதினேழு நாள் போதுமா?
இன்பராஜைக் கேட்டால் தாராளம் என்பான்.
கொழுப்பில் போய் ஒளிந்துகொள்ளும்,
வாடகை தராத குடித்தனக்காரன் போல
வாரக்கணக்கில் கிளம்பாது என்றும் சொல்கிறார்கள்.
உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி என்று
என்னைச் சொல்லாத வாத்தியார் இல்லை.

நான்காவது பாட்டில்.
சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்
அன்றைய மெட்ரோ போல நகர்கிறது.
இன்று நான் எதையும் இழுக்கவில்லை.
நேரம் தானாகவே இழுக்கிறது.

வருகிறது.
சட்டை நெஞ்சுக்கு மேலே, டிரவுசர் முட்டிக்குக் கீழே,
விதி அது. திப்பேசாமி வேறெங்கும்
பார்க்கக் கூடாது என்பதும் விதி. பாவம் மனுஷன்.
தொண்ணூறாம் கோட்டைத் தொட்டதும்
அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி.
இன்று நான் தொட்ட இன்னொரு கோட்டில்
எனக்காக யாரும் மலரவில்லை.

டாக்டர் ஒரு சொட்டை எடுத்து
கருவியில் வைத்து வெளிச்சத்துக்குத் தூக்கினார்.
"ரொம்ப நீர்த்துப்போயிருக்கு. இது செல்லாது.
தண்ணி போதும். உட்காருங்க,
இன்னொரு தடவை."

திப்பேசாமி தன் நாற்காலியை
என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.