அவன் சொன்னதாகச் சொன்னது

மழை விடாத ஏதோ ஓர் இங்கிலாந்து ஊர்.
நாலு பையன்கள். மூடப்போகிற ஆலை.
பதினாறு வருஷம் கழித்து
மறுபடி பார்க்கிறேன், செல்போனில்,
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி மூன்றாம் கூண்டில்
லாரிக்கும் லாரிக்கும் நடுவே.

அன்றைக்குப் பழையபேட்டை அறையில்
இரவல் கம்ப்யூட்டர், முப்பது ரூபாய் சிடி.
மாங்கூழ் கம்பெனி ஷிப்ட் முடிந்து
மஞ்சள் ஏறிய கைகளோடு உட்கார்ந்தோம்,
நான், திம்மராயன், முனிராஜ், தஸ்தகீர்.
நகக்கண்ணில் நார்.
எவ்வளவு சோப்புப் போட்டாலும் ஈ மொய்க்கும்.

அவர்கள் பேசிய இங்கிலீஷ்
எங்கள் வாத்தியார் பேசிய இங்கிலீஷ் இல்லை.
பாதியை வாய்க்குள்ளேயே மென்றார்கள்.
எட்டாவது வரை கான்வென்ட் போன தஸ்தகீர்தான்
சொல்லிக்கொண்டே வந்தான்,
ஒரு நொடிகூட யோசிக்காமல்.

கடைசியில் ஒருத்தன் பஸ் ஏறுவான்.
ஜன்னல் கண்ணாடியை இறக்கி என்னமோ கத்துவான்.
தஸ்தகீர் சொன்னான்:
"நீங்க இல்லாத ஊர்ல
நான் யாருகிட்டடா சண்டை போடுவேன்."
முனிராஜ் எழுந்து வெளியே போனான்,
பீடி பிடிக்க என்று.
விடிந்தால் ஓசூர் பஸ் ஏற வேண்டியவன்.

இப்போது கீழே தமிழில் எழுத்து ஓடுகிறது.
பையன்கள் பேசுவதெல்லாம்
வாடகை, நனைந்த ஷூ,
யார் யாருக்கு எவ்வளவு பாக்கி.
நாங்கள் நாலு பேரும் வாயடைத்துப்போன இடத்தில்
ஒருத்தன் சிப்ஸில் உப்பு இல்லை என்கிறான்.
பஸ் வருகிறது. கண்ணாடி இறங்குகிறது.
"பின்கதவுச் சாவி என் கோட்டுப் பையிலேயே இருக்கு,
அம்மாகிட்ட சொல்லிடு."
அவ்வளவுதான்.

ஸ்டிக்கர் படிக்காத தக்காளி வண்டி ஒன்று.
எண்ணைக் கையால் அடித்து அனுப்பினேன்.

தஸ்தகீரோடு பேசி நாலு வருஷம்.
திம்மராயன் பைக் லோனுக்கு
ஜாமீன் போட்ட விவகாரம்.
தப்பு யார் பக்கம் என்று
எனக்கே இப்போது சரியாகத் தெரியவில்லை.
தொகை மட்டும் ஞாபகம் இருக்கிறது:
பதினெட்டாயிரத்து நானூறு.

மணி ரெண்டே கால். அனுப்பினேன்.
"அந்த பஸ் சீன்ல
அவன் அப்படிச் சொல்லவே இல்லடா."

ரெண்டு நீல டிக்.
பர்கூர் பக்கம் எங்கேயோ அவனும் தூங்கவில்லை.
"தெரியும்" என்று வந்தது.
எழுதுகிறான், நிறுத்துகிறான், எழுதுகிறான்.
"முனிராஜ் முகத்தப் பாத்துட்டு
சாவின்னு எப்படிடா சொல்றது."

வரிசையில் ஆறு லாரி.
முதல் வண்டிக்காரன்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.