கால் திருகு

மூன்றாம் மாடி ஸ்கைட்ரீட்டே எழுதித் தந்த புகார்:
"இரவு மூன்றேகால். சுவருக்குள் கப்பல் ஊதுகிறது."
ரீகாவில் துறைமுகம் உண்டுதான்.
ஆனால் பிப்ரவரியில், டௌகாவா உறைந்து கிடக்கையில்,
குளியலறைச் சுவருக்குள்
எந்தக் கப்பல் வரும்?

முதலில் பகல் பதினொரு மணிக்குப் போனேன்.
பகலில் குழாய்கள் நல்ல பிள்ளைகள்.
வாய் திறக்கவில்லை.
மனிதர்கள் திறந்தார்கள்.
இரண்டாம் மாடி: காற்று அடைத்திருக்கிறது.
ஆறாம் மாடி: கட்டடமே சாய்கிறது, எழுதி வைத்துக்கொள்.
எட்டாம் மாடிச் சிறுவன் மட்டும் உறுதியாக: மாடு.

பத்தொன்பது வருடமாக இதே வேலை.
சத்தத்துக்கும் ஜாதகம் உண்டு.
டிக் டிக் என்றால்
வெந்நீர்க் குழாய் சூட்டில் நீண்டு
மரச்சட்டத்தில் உரசுகிறது.
டமார் என்றால்
துணி துவைக்கும் இயந்திரம்
ஓடி வந்த தண்ணீரின் முகத்தில்
கதவைச் சாத்துகிறது.
ஊதுவது வேறு.
ஊத உதடு வேண்டும்.
எங்கோ ஒரு ரப்பர் உதடு தளர்ந்திருக்கிறது,
ஒன்பது மாடியில், முப்பத்தாறு சமையலறையில்,
எங்கோ.

அன்றிரவே திரும்பி வந்தேன்.
படிக்கட்டில் பூனை மூத்திர வாடை.
ஊர் உறங்க உறங்கக் குழாயில் அழுத்தம் ஏறும்,
அதற்காகக் காத்திருந்தேன்,
ஸ்க்ரூடிரைவரின் நுனி குழாயில்,
பிடி என் காதெலும்பில்.
யாரோ ஒருவர் தொட்டி நிரப்பினார்.
யாரோ நிரப்பியதை மறந்தார்.
பிறகு வெகு நேரம்
இரும்பின் குளிர் மட்டும்.

மூன்று பதினேழு.

உம்ம்ம்ம் என்று தொடங்கியது,
பல் வேர் வரை.
கப்பல்தான், ஸ்கைட்ரீட்டே பொய் சொல்லவில்லை.
மாடு என்றாலும் தப்பில்லை.
நான்காம் மாடியில் தடித்தது.
ஐந்தில் பிடி என் கையில் நடுங்கியது.
ஆறில் இளைத்தது.
இறங்கி, ஐந்தாம் மாடியில் வெளிச்சம் கசிந்த
ஒரே கதவைத் தட்டினேன்.

வல்ஃப்ரீட்ஸ். டிராம் பணிமனையில்
இரவெல்லாம் பெட்டி கழுவுகிறவர்.
கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
கையில் கிரீஸ், குழாயடியில் சோப்பு,
குழாயிலிருந்து நூலளவு தண்ணீர்.
அந்த நூல்தான் கட்டடத்தையே எழுப்பிக்கொண்டிருந்தது.

"கால் திருகுதான் திறப்பேன்," என்றார் கிசுகிசுப்பாக.
"எல்லோரும் தூங்குகிறார்களே.
இந்த ஊளை என் குழாயில் மட்டும் என்று நினைத்தேன்.
கேட்டதும் இன்னும் கொஞ்சம் மூடுவேன்."

நான் கையை நீட்டி முழுவதும் திறந்தேன்.
ஊதல் அறுந்தது.
தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.
அவர் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
விரல்களில் எதையோ எண்ணத் தொடங்கினார்:
நவம்பர், டிசம்பர்...
"எண்ண வேண்டாம்," என்றேன்.
அடைப்பை மூடி, தலையைக் கழற்றினேன்.
உள்ளே வாஷர், ஓரம் தேய்ந்து,
திருகு தளர்ந்து, நாக்குப் போல ஆடியது.
முப்பது சென்ட் சாமான்.
புதிதாகப் போட்டேன். பிறகு
கால் திருகிலும் அது பேசவில்லை.
மூன்று முறை திறந்து பார்த்தார்,
மூன்றாவது முறை கை கழுவ மறந்துபோனார்.

பதிவேட்டில் எழுதினேன்: வாஷர் மாற்றப்பட்டது.
வீட்டு எண்ணுக்கான கட்டத்தில்
பேனா மை உறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது மூன்றாம் மாடிக் கதவு திறந்தது.
ஸ்கைட்ரீட்டே, கம்பளிச் சால்வையில், கையில் கடிகாரம்.
"பாதியில் நின்றுவிட்டதே. எந்த வீடு?"
"குழாய்க்கு வீடு கிடையாது அம்மா,
கீழிருந்து மேல்வரை ஒரே இரும்பு."
நம்பவில்லை.
கூரையை ஒரு முறை பார்த்துவிட்டு,
கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தபடி
நின்றுகொண்டே இருந்தாள்.